படுத்திருக்க வேண்டிய முரசுக்காரன்

சலூன் நாற்காலியில் முகத்தில் பாதி நுரையோடு உட்கார்ந்திருந்தபோதுதான், என் மகன் ஜெர்ரியைக் கள்ளாட்டக்காரன் என்று ஊர் சொல்வது எனக்குத் தெரிந்தது. 2009-ஆம் ஆண்டு அது. ஜெர்ரிக்கு முப்பதாம் நாள் பூசைகூட அப்போது ஆகவில்லை. பக்கத்து நாற்காலியில் இருந்தவன் என்னை அறியாதவன். காத்திருந்த நண்பனிடம் கண்ணாடியைப் பார்த்தபடியே பேசினான்.

"எந்த ஜெர்ரின்ற?" என்றான் நண்பன்.

"அதாண்டா, உப்பளத்துல சொல்தா ஊட்டுப் புள்ள. சீட்டுல கள்ளாட்டம் ஆடி மாட்டிக்கிட்டான். கோபிநாத்து மூஞ்சிக்கு நேரா கேட்டுட்டான். ரோஷம் பொத்துக்கிட்டு வண்டிய எடுத்துக்கினு போயி, மரப்பாலத்துல லாரில உட்டுட்டான்."

என் தாடையில் இருந்த கத்தி நின்றுவிட்டது. அரிகிருஷ்ணன் எனக்குப் பல வருடங்களாகச் சவரம் செய்பவர். கத்தியைத் துணியில் துடைத்தார்.

"நிறுத்தாதீங்க, நடத்துங்க" என்றேன்.

சவரம் முடியும்வரை நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். எழுந்து போகும்போது அந்தப் பையனின் பக்கம் திரும்பி, "அந்த வீட்டுக்காரன் நான்தான். அந்தோணி" என்று மட்டும் சொன்னேன். அவன் கட்டியிருந்த துணியோடு எழுந்து நின்றான். நான் தெருவில் இறங்கிவிட்டேன்.

என் தகப்பனார் பிரெஞ்சுப் படையில் சிப்பாயாக இருந்தவர். நானும் இருந்தேன். பான்சியோன், அதாவது பிரெஞ்சுப் பென்ஷன், வாங்கிக்கொண்டு ஊர் திரும்பி, உப்பளத்தில் தகப்பனார் கட்டிய வீட்டிலேயே இருக்கிறேன். சிப்பாய்க்குப் பிரெஞ்சில் சொல்தா என்று பெயர், அதனால் ஊர் எங்களைச் சொல்தா வீடு என்று சொல்லும். எங்கள் வீட்டில் கோபக்காரர்கள் இருந்திருக்கிறார்கள், குடிகாரர் ஒருவரும் இருந்தார். ஏமாற்றினான் என்று ஒருவரைப் பற்றியும் யாரும் சொன்னதில்லை. ஜெர்ரி இருபத்து மூன்று வயதில் செத்துப்போனான். அது கர்த்தருடைய காரியம், அதில் எனக்குப் பேச இடமில்லை. கள்ளாட்டம் என்பது மனிதர்கள் சொல்வது. அதற்கு நான் பதில் சொல்லியாக வேண்டும்.

அவர்கள் ஆடியது ரம்மி அல்ல, சூதாட்டமும் அல்ல. ராம்பார் என்று ஒரு சீட்டு விளையாட்டு. பிரான்சில் துலூஸ் நகரத்தில் இருக்கும் என் தம்பியின் பிள்ளைகள் ஒரு கோடை விடுமுறையில் அதைக் கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு சீட்டிலும் ஒரு போர்வீரனின் படமும் அவனுடைய பலமும் இருக்கும். ஆளாளுக்குச் சீட்டு சேர்ப்பார்கள், ஒருவரோடு ஒருவர் மாற்றிக்கொள்வார்கள், தனக்கென்று ஒரு கட்டு அமைத்துக்கொள்வார்கள். ஜெர்ரி அதை எங்கள் பக்கத்துப் பையன்களுக்குப் பழக்கிவிட்டான். மைதானத்துக்கு எதிரே ஒரு மாடியில் சங்கம்கூட வைத்திருந்தார்கள். சேதராப்பட்டில் வேலை முடிந்து வந்ததும் அவன் கம்பெனி சட்டையை மாற்றாமலேயே சீட்டை எடுத்துவிடுவான். நான் அதை ஒருநாளும் மதித்ததில்லை.

அவன் செத்த அன்று சாயங்காலம், சாரம் பக்கத்திலிருந்து சங்கத்து நண்பன் கோபிநாத் வந்திருந்தான். முன்கூடத்தை அடுத்த சிறிய அறையில் இருவரும் ஆடினார்கள். இடையில் ஏதோ சத்தம் கேட்டது. பிறகு ஜெர்ரியின் வண்டி கிளம்பும் ஒலி. அதற்குப் பிறகு அவனை ஆஸ்பத்திரியில்தான் பார்த்தோம்.

அடக்கம் முடிந்து வீடு திரும்பியபோது மேசை அவர்கள் விட்டபடியே இருந்தது. இரண்டு பக்கமும் விரித்த சீட்டுகள். கோட்டையின் பலத்துக்குக் கணக்காக வைத்த புளியங்கொட்டைகள். என் மனைவி அகஸ்டினா அறை வாசலில் கையை விரித்து நின்றாள்.

"யாரும் தொடக்கூடாது. ஆட்டம் இன்னும் முடியல."

துக்கத்தில் பேசுகிறாள் என்று விட்டுவிட்டேன். சீட்டு பறக்காமல் இருக்க அந்த அறையின் விசிறியைப் போடுவதில்லை, ஜன்னலைத் திறப்பதில்லை. நானும் ஒருமுறை மேசையின் அருகே நின்று எல்லாவற்றையும் பார்த்தேன். ஜெர்ரியின் பக்கம் களத்தில் மிஞ்சியிருந்தது ஒரே சீட்டு, படுக்கைவசமாக வைக்கப்பட்டிருந்தது. தோளில் முரசு தொங்கும் ஒரு சிறுவனின் படம். அடுத்த நாள் காலை அது நெடுக்காகத் திரும்பி நிமிர்ந்திருந்தது.

அகஸ்டினா தொட்டிருப்பாள் என்று நினைத்து, பழையபடி படுக்கவைத்தேன். மறுநாளும் நிமிர்ந்திருந்தது. அவளைக் கேட்டேன், இல்லை என்றாள். மகள் ஜாஸ்லினைக் கேட்டேன், தேவமாதா மேல் ஆணையிட்டாள். அறையைப் பூட்டிச் சாவியை என் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். காலையில் பூட்டு பூட்டியபடியே இருந்தது. கதவைத் திறந்தால் மற்ற சீட்டுகள் இம்மி நகரவில்லை. முரசுக்காரன் மட்டும் நேராக நின்று என்னைப் பார்த்தான்.

"அவன்தாங்க" என்றாள் அகஸ்டினா, என் முதுகுக்குப் பின்னால். "எழுந்து நிக்கணும்னு பாக்குறான். நீங்க ஏன் தினம் படுக்க வெக்கிறீங்க?"

"வாயை மூடு. வெளியில ஒரு வார்த்தை போகக்கூடாது" என்றேன்.

ஜாஸ்லின் பங்குச் சாமியாரை அழைத்து வீட்டை மந்திரிக்கலாம் என்றாள். சாமியார் தீர்த்தச் செம்போடு எங்கள் வாசலில் ஏறினால் தெரு முழுக்கப் பார்க்கும். மகன் கள்ளாட்டக்காரன், வீட்டில் ஆவி என்று இரண்டையும் சேர்த்துப் பேசுவார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஆனால் ஜெர்ரி வேலையிலிருந்து திரும்பும் நேரமானால், பூட்டிய அறைக்குள் சீட்டை மேசையில் அடித்து வைக்கும் சத்தம் ஒருமுறை கேட்கும். அந்த நேரத்தில் நாங்கள் மூவரும் கூடத்தில் இருந்தாலும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை.

சலூனிலிருந்து வந்த அன்றைக்கே ஜாஸ்லினைக் கூப்பிட்டேன்.

"இந்த ஆட்டத்தை எனக்குக் கத்துக் குடு."

"பப்பா, நீங்களா?" அண்ணன் போன பிறகு அவள் முகத்தில் முதல்முறையாகச் சிரிப்பு வந்தது. "சீட்டைத் தொட்டா கைய ஒடச்சிடுவேன்னு சொன்ன ஆளு நீங்க."

"அவன் என்ன செய்தான்னு எனக்குத் தெரியணும்."

அவள் வேறு சீட்டுகளை எடுத்து வந்து சாப்பாட்டு மேசையில் விரித்தாள். எனக்குப் புரிந்ததை எழுதுகிறேன். ஒவ்வொருவனுக்கும் ஒரு கோட்டை. புளியங்கொட்டை தீர்ந்தால் கோட்டை விழுந்தது. தன் முறை வரும்போது வீரனை அனுப்பி எதிரியின் கோட்டையை அடிக்கலாம். எதிரி விரும்பினால் தன் வீரன் ஒருவனைக் குறுக்கே நிறுத்தித் தடுக்கலாம். அடிக்கப் போன வீரனின் சீட்டைக் குறுக்குவாட்டில் திருப்பிப் படுக்கவைத்துவிட வேண்டும். தன்னுடைய அடுத்த முறை வரும்வரை அவன் எழக்கூடாது. படுத்திருப்பவனால் காவல் நிற்க முடியாது, நிமிர்ந்திருப்பவனால்தான் முடியும். இது ராணுவத்தில் இருந்தவனுக்கு விளங்காத விஷயம் அல்ல. தாக்குதலுக்குப் போன படை திரும்பும்வரை கோட்டைக்குக் காவல் இல்லை.

"சரி. இந்த முரசுக்காரன் என்ன செய்வான்?"

"அவன் பலம் ரெண்டு. தடுக்கலன்னா கோட்டைலேர்ந்து ரெண்டு கொட்டை போவும். அவனுக்கு ஒரு வித்தையும் இருக்கு. அவனைக் களத்த உட்டே அனுப்பிட்டா எதிரி கோட்டைல இன்னொன்னு போவும். ஒருவாட்டிதான். போனா போனதுதான், செத்த சீட்டுல சேந்துடுவான்."

பூட்டிய அறையின் மேசையில் கோபிநாத்தின் பக்கம் மூன்று கொட்டைகள் இருந்தன. ஜெர்ரியின் பக்கம் இரண்டு.

"அப்ப ரெண்டும் ஒண்ணும் மூணு. ஜெர்ரி ஜெயிச்சுட்டானே."

ஜாஸ்லின் சீட்டுகளை அடுக்கினாள், மறுபடி கலைத்தாள்.

"பழைய ரூல்ல ஜெயிச்சான் பப்பா. அதுல அடிய மொதல்ல சொல்லணும். சொன்னதுக்கும் விழறதுக்கும் நடுவுல கொஞ்சம் எடம் இருக்கும். அந்த எடத்துல முரசுக்காரன அனுப்பிட்டு ஒண்ண எடுத்துக்கலாம். அவன் போயிட்டாலும் சொன்ன அடி விழும். இந்த வருஷம் பிரான்சுல ரூல மாத்திட்டாங்க. புதுசுல நடுவுல எடமே கெடையாது. எதிரி தடுக்கலன்னா ஒடனே விழும். முன்னாடியே அனுப்பிட்டா அவன் அடிக்க மாட்டான். அடி விழுந்தப்புறம் வித்தை செல்லாது. அனுப்பறதா, அடிக்கறதா, ரெண்டுல ஒண்ணுதான்."

"இல்லாதவன் அடி எப்படி விழும்?"

"பழைய ரூல்ல விழும். புதுசுல விழாது."

நாங்கள் இருவரும் பூட்டியிருந்த அறையின் பக்கம் பார்க்காமல் இருக்க முயன்றோம்.

புது விதிகளின் புத்தகத்தைத் துலூஸிலிருந்து வரவழைத்ததே ஜெர்ரிதான். சங்கத்தில் அதைப் பிரெஞ்சிலிருந்து தமிழில் படித்துக் காட்டியவனும் அவன்தான். அடுத்த மாதப் போட்டியிலிருந்து புது விதி என்று அங்கே பேசி முடிவு செய்திருந்தார்கள். அப்படியானால் அன்று நடந்தது பழைய விதி ஆட்டம். என் மகன் செய்தது சரி. கோபிநாத்தான் பொய்யன். எனக்கு மார்பு விரிந்தது. அவனை அழைத்து மேசையின் முன் நிறுத்தி, சங்கத்தின் நடுவில் மன்னிப்புக் கேட்கவைக்க வேண்டும் என்று முடிவு செய்தேன்.

ஆனால் கேள்வி கேட்பதற்கு முன்னால் களத்தைச் சுற்றிப் பார்ப்பது என் வழக்கம். மறுநாள் காலை அந்த அறைக்குள் போய் கோபிநாத்தின் நாற்காலியில் உட்கார்ந்து அவன் பக்கத்திலிருந்து மேசையைப் பார்த்தேன். அவனிடம் ஒரு காவல்காரன் இருந்தான். ஈட்டியோடு நிமிர்ந்து நின்றான். வெகுநேரம் பார்த்த பிறகு ஜாஸ்லினைக் கூப்பிட்டேன்.

"நீ கோபிநாத். உன்கிட்ட மூணு கொட்டை. ஜெர்ரி முரசுக்காரனை அடிக்க அனுப்பறான். பழைய விதி. என்ன செய்வே?"

"காவக்காரன குறுக்க நிறுத்துவேன். கோட்டை மேல அடியே விழாது. நிறுத்தலன்னா மூணும் போயிடும்ல, செத்தேன்."

"ஆடத் தெரிஞ்ச யாரும் நிறுத்துவான் இல்லையா?"

"சின்னப் புள்ளகூட நிறுத்தும்."

"அவன் நிறுத்தலையே."

அவள் காவல்காரனைப் பார்த்தாள். தடுக்கப் போயிருந்தால் அந்தச் சீட்டு முரசுக்காரனுக்கு முகத்துக்கு முகம் நகர்த்தி வைக்கப்பட்டிருக்கும். அது தன் இடத்தை விட்டு அசையவில்லை. புது விதியில்தான் அந்தக் கணக்கு சரிவரும். இரண்டு போனாலும் ஒன்று மிஞ்சும், தன் முறை வந்ததும் அந்தக் காவல்காரனை வைத்தே ஜெர்ரியின் இரண்டு கொட்டையையும் அடித்துவிடலாம். கோபிநாத் புது விதியை நம்பித்தான் தடுக்காமல் இருந்திருக்கிறான்.

ஜாஸ்லின் என் கையைப் பிடித்தாள். "பப்பா, இத யார்கிட்டயும் சொல்லாதீங்க. நம்மள தவிர யாருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியும்" என்றேன்.

அன்றிலிருந்து அந்த அறைக்குள் போக எனக்கு அச்சமாக இருந்தது. ஆவிக்குப் பயந்தல்ல. பேசாமல் விட்டால் அது வெறும் ஊர்ப் பேச்சாகவே நின்றுவிடும். கேட்டால் அதுவே உண்மை என்று ஆகிவிடலாம். ஆனாலும் மேசையில் இன்னொரு விஷயம் என்னை உறுத்தியது. ஜெர்ரி வித்தையைப் பயன்படுத்தி முரசுக்காரனை அனுப்பியிருந்தால், அந்தச் சீட்டு செத்த சீட்டுகளோடு கிடக்க வேண்டும். அது களத்தில் இருந்தது. யாரோ அதைத் திரும்ப எடுத்து வைத்திருக்கிறார்கள். உயிரோடு இருப்பவர்களில் அதைப் பார்த்தவன் ஒருவன்தான்.

நானே சாரத்துக்குப் போனேன். கோபிநாத்தின் தகப்பனார் பலராமன் வில்லியனூர்ப் பக்கம் நிலம் உள்ளவர், சாரத்திலேயே சிமெண்ட் வியாபாரம் செய்கிறார். என்னைப் பார்த்ததும் கல்லாவிலிருந்து எழுந்து வந்து கையைக் கூப்பினார்.

"வாங்கய்யா. புள்ள அன்னிலேர்ந்து சரியா சாப்புடறதில்ல, தூங்கறதில்ல. சின்னப் பசங்க வாய்த் தகராறு. நீங்க மனசுல வச்சிக்கக் கூடாது."

"நான் சண்டைக்கு வரலைங்க. ஆட்டம் பாதியில நிக்குது. முடிக்கச் சொல்லி அனுப்புங்க."

"ஆட்டமா?" அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "யாரோடங்க ஆடறது?"

"எங்க வீட்டு ஆட்டத்தை நான் பாத்துக்கறேன்."

ஞாயிற்றுக்கிழமை காலை முரசுக்காரனைப் படுக்கவைத்துவிட்டு, அறையைப் பூட்டிக்கொண்டு, குடும்பத்தோடு பூசைக்குப் போனேன். மத்தியானம் தகப்பனும் மகனும் வந்தார்கள். கோபிநாத் இளைத்துப் போயிருந்தான். அகஸ்டினா அவனுக்குத் தண்ணீர் கொடுத்தாள், ஆனால் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. நான் கதவைத் திறந்தேன்.

கோபிநாத் வாசற்படியிலேயே நின்றுவிட்டான்.

"யாரு அங்கிள் அத நிமித்தனது?"

சாவி என் கையில் இருந்தது.

"உட்காரு" என்றேன்.

அவன் தன் பழைய நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தான். எதிர் நாற்காலி காலியாக இருந்தது. அதில் நான் உட்காரவில்லை, பக்கத்தில் நின்றேன். பலராமன் மகனுக்குப் பின்னால் நின்றார். பெண்கள் இருவரும் வாசலில்.

"அங்கிள், ஒண்ணு சொல்லிடறேன்" என்று அவசரமாக ஆரம்பித்தான். "ஜெர்ரிதான் ஜெயிச்சான். எம்மேலதான் தப்பு. சங்கத்துல எல்லார் முன்னாடியும் சொல்லிடறேன். போதுங்களா?"

"எனக்குப் பிச்சை வேண்டாம். கேட்டதுக்குப் பதில் சொல். நீ ஏன் தடுக்கலை?"

அவன் தகப்பனைத் திரும்பிப் பார்த்தான். பிறகு மேசையைப் பார்த்தான். "ஒக்காந்த ஒடனே அவன்தான் சொன்னான் அங்கிள். 'அடுத்த மாசம் வரைக்கும் இன்னாத்துக்குக் காத்துக்கினு இருக்கணும், இன்னிக்கே புதுசுல ஆடலாம்டா'ன்னான். நா சரின்னேன்."

"பொய்!" என்று ஜாஸ்லின் கத்தினாள்.

"பொய்யில்லை. அவனுடைய காவல்காரனைப் பார்" என்றேன். அவள் அழ ஆரம்பித்தாள். நான் கோபிநாத்தை விடவில்லை. "அவன் முரசுக்காரனை அனுப்பினானா?"

"அனுப்பினான். சீட்ட தூக்கி செத்ததுல போட்டான். 'மூணும் போச்சு, கட்டுடா மூட்டைய'ன்னான். நா எழுந்து நின்னுட்டேன். 'இன்னாடா, புதுசுன்னு சொல்லிட்டு கள்ளாட்டம் ஆடுற?'ன்னு கேட்டேன். மொறச்சான். அடிக்கத்தான் வரான்னு நெனச்சேன்."

"அப்புறம்?"

"அப்புறம் கெளம்பிட்டான்."

"கோபிநாத், செத்த சீட்டில் போட்டவன் களத்தில் எப்படி வந்தான்? யார் எடுத்து வச்சது?"

பலராமன் அவன் தோளில் கை வைத்து, "சொல்றா, சொல்லிட்டா போயிடும்" என்றார்.

"அவன்தான் அங்கிள் எடுத்து வச்சான்." குரல் உடைந்துவிட்டது. "மொறச்சுக்கினே இருந்தவன் மொகம் மாறிப் போச்சு. சீட்டப் பாத்தான். 'ச்சே, கைப் பழக்கம்டா. இத்தினி வருஷமா அப்படியே ஆடி ஆடி, தானா போயிடுச்சு'ன்னான். அவனே எடுத்து வச்சு, அவனே படுக்க வச்சான். 'ரெண்டு எடுத்துக்க, இனிமே ஒம்மொறைதான்'னான். எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. வேணாம்டா, பழசுலயே வச்சுக்கலாம்னேன். 'போடா, புதுசுன்னு சொன்னது நானு. தல சூடாயிருக்கு, ஒரு ரவுண்டு போயிட்டு வந்து தோக்கறேன். எதையும் கலைக்காத'ன்னு சிரிச்சுக்கினே போனான். நா காத்துக்கினு இருந்தேன் அங்கிள். சேதிதான் வந்துச்சு."

அகஸ்டினா சுவரில் சாய்ந்து கீழே உட்கார்ந்தாள்.

"பின்ன ஏன்டா கள்ளாட்டம்னு சொன்னே?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"ஆஸ்பத்திரிக்குப் போற வழியில பசங்க கேட்டாங்க, ஒங்களுக்குள்ள இன்னாடா சண்டைன்னு. மொதல்ல நடந்தத சொன்னேன். கடைசில நடந்தத சொல்றதுக்குள்ள வாசல்ல வந்து செத்துட்டான்னு சொல்லிட்டாங்க. அதுக்கு மேல வாய் வரல. அவங்க பாதிக் கதையோட போயிட்டாங்க. அப்புறம் போயி சொன்னா யாரு நம்புவாங்க, செத்தவனுக்காக சொல்றான்னுதான..."

அவன் மேசைமேல் தலை கவிழ்ந்து அழுதான். சீட்டுகள் நனையும் என்று எனக்குத் தோன்றியது. நான் நேராக நின்றேன். இத்தனை நாளும் கேட்க விரும்பியதைக் கேட்டுவிட்டேன். என் மகன் தவறினான், தவறைத் தானே பார்த்தான், தன் கையாலேயே திருத்தினான். எங்கள் வீட்டில் இதற்கு மேல் யாரும் செய்ததில்லை.

"கண்ணைத் துடை" என்றேன். "அவன் சொன்னபடி ரெண்டு கொட்டையை எடு."

அவன் எடுத்தான். ஒன்று மிஞ்சியது.

"இப்ப உன் முறை. ஆடு."

"வேணாம் அங்கிள்."

"வந்து தோற்கிறேன்னு சொல்லிட்டுப் போனான் இல்லையா? வார்த்தையைக் காப்பாத்த அவனால வர முடியலை. ஆடு."

அவன் கை காவல்காரனை நோக்கிப் போய்ப் பாதியில் நின்றது. அவன் கண் முரசுக்காரன் மேல் இருந்தது. அப்போதுதான் அகஸ்டினா எழுந்து வந்தாள். சேலைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டிருந்தவள் அதை எடுத்துவிட்டுக் கேட்டாள்.

"அவன் நிக்கறான் இல்ல? நிக்கறவன் தடுக்கலாம் இல்ல? ஜாஸ்லின் சொன்னாளே."

கோபிநாத் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

"சொல்லு கோபி. நிமிந்து நின்னா தடுக்கலாமா, கூடாதா?"

"தடுக்கலாம் ஆன்ட்டி" என்றான் கோபிநாத். என்னைப் பார்த்தான். "நா ஒத்துக்கறேன் அங்கிள். அவன் நிக்கறான். தடுத்தான்னு வச்சுக்கலாம். ஆட்டம் முடியாது."

"உடுங்கய்யா" என்றார் பலராமன் தாழ்ந்த குரலில். "யாருக்கு இன்னா நஷ்டம்? புள்ள நின்னுட்டுப் போவட்டும்."

நான் மேசையைப் பார்த்தேன். அந்தச் சிறுவன் முரசின் மேல் கோலை உயர்த்தி நின்றான். ஒவ்வொரு காலையும் அவன் ஏன் எழுந்தான் என்று எனக்கு அப்போது புரிந்தது. நிமிர்ந்திருந்தால் கோட்டை விழாது. கோட்டை விழாவிட்டால் ஆட்டம் முடியாது. ஆட்டம் முடியாதவரை என் மகன் இந்த வீட்டை விட்டுப் போக வேண்டியதில்லை. எழுப்பியது அவனா, பூட்டிய கதவைத் தாண்டி அவனை எழுப்பிய ஒரு தாயின் மனமா, எனக்குத் தெரியாது. நான்கு பேரும் ஒத்துக்கொண்டார்கள். நான் தலையை அசைத்தால் போதும்.

ஆனால் ஜெர்ரி தன் கையால் முரசுக்காரனைப் படுக்கவைத்துவிட்டுப் போயிருக்கிறான். அதுதான் அவன் கடைசியாகச் செய்த நேர்மையான காரியம். அதை நான் அழிக்க முடியாது.

கையை நீட்டிச் சீட்டைத் தொட்டேன். பனியில் இருந்த இரும்பைப்போல் சில்லென்று இருந்தது. திருப்பப் பார்த்தேன், மேசையோடு ஒட்டிக்கொண்டதுபோல் அது நகரவில்லை. இன்னும் அழுத்தினேன். அகஸ்டினா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, "வேணாங்க, நிக்க உடுங்க, என் புள்ளைய நிக்க உடுங்க" என்று கதறினாள். சீட்டு மெல்லத் திரும்பியது. படுத்தது. நான் கையை எடுத்தேன். அது எழவில்லை.

"அடி" என்றேன்.

கோபிநாத் காவல்காரனைப் படுக்கவைத்தான். என் பக்கத்திலிருந்த இரண்டு புளியங்கொட்டைகளையும் நானே எடுத்தேன்.

"இப்ப சொல். என்ன நடந்தது?"

"ஜெர்ரி தோத்துட்டான்."

"அப்புறம்?"

"கள்ளாட்டம் ஆடல."

"இதை இன்னிக்கே சங்கத்தில் சொல்லணும். சலூனில் சொல்லணும். பாதியை எங்கெல்லாம் சொன்னாயோ அங்கெல்லாம் முழுசையும் சொல்லணும்."

"நானே கூட்டினு போறேங்க" என்றார் பலராமன்.

கோபிநாத் எழுந்தான். அவர்கள் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டாம், ஆட்டம் முடிந்ததும் ஜெயித்தவன் எழுந்து நிற்க, இருவரும் மேசைக்கு மேல் கை குலுக்கிக்கொள்ள வேண்டுமாம். நான் அதை அறியேன். அவனும் யோசித்துச் செய்யவில்லை, பழக்கத்தில் கை தானாகப் போயிற்று. நான் நின்ற பக்கம் அல்ல. காலி நாற்காலியை நோக்கி நீட்டினான். நீட்டிய பிறகுதான் என்ன செய்கிறோம் என்று உணர்ந்து, வெட்கத்தோடு கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தான்.

கை வரவில்லை.

அவன் கை ஒருமுறை மேலே போய்க் கீழே வந்தது. விரல்களின் நுனி வெளுத்திருந்தது, யாரோ இறுக்கிப் பிடித்தால் வெளுக்குமே, அதைப்போல. பலராமன், "டேய்" என்றார். ஜாஸ்லின் சிலுவை போட்டுக்கொண்டாள். அகஸ்டினா மட்டும் அழுகையை நிறுத்திவிட்டு, அந்த நாற்காலியை இமைக்காமல் பார்த்தாள்.

"உட மாட்டறான் அங்கிள்" என்றான் கோபிநாத், மூச்சுக்குள்.

நான் அந்த நாற்காலியின் முன்னால் போய் நின்றேன். என் மகன் சிறுவனாக இருந்தபோது அவனை எழுப்பிப் பள்ளிக்கூடம் அனுப்பிய குரலில் சொன்னேன்.

"ஜெர்ரி. நீ தோத்த விதம் எனக்குப் போதும். கையை விடு."

கோபிநாத்தின் கை மேசைமேல் விழுந்தது.